கணக்கு மாற்றிய பிறகும் லாபத்தைச் சரியாகக் கணிப்பது எப்படி? மலேசிய முதலீட்டாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யூனிட் டிரஸ்டில் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதியில்) இருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பங்குக் கணக்கில் போடுகிறீர்கள். அல்லது பழைய தரகு நிறுவனத்தை விட்டு, கட்டணம் குறைந்த புதிய செயலிக்கு மாறுகிறீர்கள். ஆண்டு முடிவில் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கணக்கு முப்பது விழுக்காடு சரிந்ததுபோலவும் இன்னொன்று எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏறியதுபோலவும் தெரியும். இரண்டுமே பொய். பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் மலேசியாவில் நீண்ட நாள் கவனிக்கப்படாமலே கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாட்டின் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிட்ட பங்குகளை விற்று லாபம் பார்க்கும் தனிநபர்களுக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. வரி இருக்கும் நாடுகளில், வாங்கிய விலை என்ன, வாங்கிய தேதி என்ன என்று அரசே கேட்கும். கணக்கு வைக்காமல் தப்ப முடியாது. இங்கே கேட்பார் இல்லை. ஆகவே வாங்கிய விலை மறந்துபோகிறது, பழைய அறிக்கைகள் தொலைந்துபோகின்றன, கடைசியில் செயலி காட்டும் எண்ணே வேதவாக்காகிவிடுகிறது. பினாங்கின் லெபோ பினாங்கில் கிட்டங்கி (வணிகக் கூடம்) வைத்துத் தொழில் செய்த நகரத்தார் பற்றையும் வரவையும் பேரேட்டில் எழுதி ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்தவர்கள். அதே தெருக்களில் இன்று கைப்பேசியில் முதலீடு செய்யும் நமக்கு அந்தப் பேரேடு இன்னும் தேவைப்படுகிறது. கணினியில் எக்செல் போன்ற ஒரு விரிதாள் போதும்.

முதல் படி: எல்லைக்கோட்டைப் போடுங்கள்

எந்தெந்தக் கணக்குகள் உங்கள் முதலீட்டுக்குள் அடங்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கணவர், பள்ளியில் ஆசிரியையாக மனைவி என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அவர்களிடம் ஊழியர் சேமநிதி, அமானா சஹாம் நிதி, யூனிட் டிரஸ்ட், பங்குக் கணக்கு, வங்கியில் நிரந்தர வைப்புத் தொகை எல்லாம் இருக்கும். அன்றாடச் செலவுக்கான சேமிப்புக் கணக்கைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிடுவது நல்லது. மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் போகிற பணம் முதலீட்டுக் கணக்கில் கலந்தால் எந்த எண்ணும் தெளிவாக வராது.

கோட்டைக் கடந்து உள்ளே வருவது வெளி வரவு: சம்பளத்திலிருந்து போடும் தொகை, போனஸ். கோட்டைக் கடந்து வெளியே போவது வெளிப் பற்று: மகனின் கல்லூரிக் கட்டணம், மகளின் திருமண நகை. கோட்டுக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவது உள் மாற்றம். இந்த மூன்றையும் ஒருபோதும் கலக்காதீர்கள். தவறான கணக்குகளில் பெரும்பாலானவை உள் மாற்றத்தை வெளி வரவாகவோ லாபமாகவோ எழுதியதால் வந்தவை.

கணவர் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்குப் பணம் போனால்? குடும்பத்துக்கு ஒரே கோடு என்றால் அது உள் மாற்றம். ஆளுக்கொரு கோடு என்றால் ஒருவருக்கு வெளிப் பற்று, மற்றவருக்கு வெளி வரவு. எதை எடுத்தாலும் சரிதான், ஆண்டு நடுவில் மாற்றாமல் இருந்தால்.

இரண்டாம் படி: ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு வரிகளாக எழுதுங்கள்

விரிதாளில் ஆறு பத்திகள் வேண்டும்: தேதி, கணக்கு, வகை, தொகை, எதிர்க்கணக்கு, குறிப்பு. வகை என்ற பத்தியில் வெளி வரவு, வெளிப் பற்று, உள் மாற்றம், வருமானம், கட்டணம், மதிப்பு என்ற ஆறு சொற்களைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது.

உள் மாற்றம் எப்போதும் இரட்டையாகத்தான் வரும். யூனிட் டிரஸ்டில் கழித்தல் 15,000. பங்குக் கணக்கில் கூட்டல் 15,000. உள் மாற்ற வரிகளை எல்லாம் கூட்டினால் விடை சுழியாக இருக்க வேண்டும். சுழி வராவிட்டால் எங்கோ ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. லாபக் கணக்குக்குப் போகுமுன் அதைத் தேடிப் பிடியுங்கள்.

வழியில் இருக்கும் பணத்துக்கும் ஒரு கணக்கு திறக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. யூனிட் டிரஸ்டை விற்றால் பணம் கைக்கு வரச் சில வேலை நாள்கள் ஆகும். ஜூன் 28-ஆம் தேதி விற்ற பணம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது என்றால், ஜூன் 30 அன்று எடுக்கும் இருப்பில் அந்தப் பணம் எங்குமே இருக்காது. ஜூனில் பெரிய நட்டம், ஜூலையில் பெரிய லாபம் என்று கணக்கு காட்டும். ‘வழியில்’ என்று பெயரிட்டு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் டிரஸ்டிலிருந்து ‘வழியில்’ கணக்குக்கு ஒரு இரட்டை வரி, பணம் வந்ததும் ‘வழியில்’ இருந்து பங்குக் கணக்குக்கு இன்னொரு இரட்டை வரி. அந்தச் சில நாள்கள் பணம் எதுவும் ஈட்டாமல் கிடந்ததும் இதில் தெரிந்துவிடும்.

கட்டணத்தைத் தனி வரியில் எழுதுங்கள். 10,000 ரிங்கிட்டை 5 விழுக்காடு விற்பனைக் கட்டணம் உள்ள ஒரு நிதியில் போட்டால், கட்டணம் யூனிட் விலையின் மேல் கணக்கிடப்படும்போது உங்கள் பெயரில் முதலீடாவது 9,523.81 ரிங்கிட்தான். இதை “9,523.81 போட்டேன்” என்று எழுதினால் 476.19 ரிங்கிட் கணக்கிலிருந்து காற்றில் கரைந்துவிடும். 10,000 உள்ளே வந்தது, 476.19 கட்டணமாகப் போனது என்றே எழுதுங்கள். முதலீடு மாற்றியதன் விலை அதுதான். புதிய நிதி தன் லாபத்தில் முதலில் அதை ஈடுகட்ட வேண்டும்.

மூன்றாம் படி: மாற்றும் நாளின் மதிப்பைப் பிடித்து வையுங்கள்

பணம் நகரும் நாளில், நகருமுன் இரண்டு கணக்குகளிலும் மொத்த மதிப்பு என்ன என்று குறித்துவையுங்கள். பிறகு வரும் கணக்குக்கெல்லாம் இதுதான் ஆதாரம். மாற்றம் நடந்து ஆறு மாதம் கழித்து அந்த நாளின் மதிப்பைத் தேடுவது பெரும் பாடு.

பழைய கணக்கை மூடப்போகிறீர்கள் என்றால், மூடுமுன் எல்லா அறிக்கைகளையும் ஒப்பந்தச் சீட்டுகளையும் (வாங்கியதற்கும் விற்றதற்குமான ரசீதுகள்) இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடியதும் உள்நுழைவும் போய்விடும். அதன்பின் வாடிக்கையாளர் சேவையிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நான்காம் படி: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் குடும்பத்தின் இரண்டு கணக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 1 அன்று யூனிட் டிரஸ்டில் 40,000, பங்குக் கணக்கில் 20,000. ஜூன் 30 அன்று யூனிட் டிரஸ்ட் 5 விழுக்காடு ஏறி 42,000. பங்குகள் 5 விழுக்காடு இறங்கி 19,000. அன்று யூனிட் டிரஸ்டிலிருந்து 15,000 எடுத்துப் பங்குக்கு மாற்றுகிறார்கள். இப்போது 27,000 மற்றும் 34,000. டிசம்பர் 31 அன்று யூனிட் டிரஸ்ட் 3 விழுக்காடு ஏறி 27,810. பங்குகள் 10 விழுக்காடு ஏறி 37,400. வெளியிலிருந்து ஒரு சென்னும் வரவில்லை.

முதலும் முடிவும் மட்டும் பார்த்தால் யூனிட் டிரஸ்ட் 30.5 விழுக்காடு நட்டம், பங்கு 87 விழுக்காடு லாபம். உண்மையில் யூனிட் டிரஸ்ட் ஈட்டியது 2,000 மற்றும் 810, ஆக 2,810 ரிங்கிட். பங்குகள் முதல் பாதியில் 1,000 இழந்து, இரண்டாம் பாதியில் 3,400 ஈட்டின, ஆக 2,400. இரண்டும் சேர்ந்து 5,210. தொடக்கத்தில் இருந்த 60,000-க்கு 8.68 விழுக்காடு. குடும்பத்தின் உண்மையான லாபம் இதுதான்.

இனி ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே பார்ப்போம். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன.

முதலாவது கால வழி லாபம். பணம் நகர்ந்த நாளில் ஆண்டை வெட்டி, ஒவ்வொரு துண்டின் வளர்ச்சியையும் பெருக்க வேண்டும். யூனிட் டிரஸ்டுக்கு 1.05 பெருக்கல் 1.03, அதாவது 8.15 விழுக்காடு. பங்குக்கு 0.95 பெருக்கல் 1.10, அதாவது 4.5 விழுக்காடு. அந்த முதலீடு எவ்வளவு நன்றாகச் செயல்பட்டது என்பதை இது காட்டும். நீங்கள் எப்போது பணம் போட்டீர்கள் என்பது இதில் ஏறாது. ஒரு நிதி மேலாளரையோ பங்குத் தேர்வையோ சந்தைக் குறியீட்டோடு ஒப்பிடுவதானால் இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது பண வழி லாபம். பீட்டர் டீட்ஸ் 1960களில் முன்வைத்த முறையை ஒட்டி இதைக் காகிதத்திலேயே போடலாம்: ஈட்டிய தொகையை, தொடக்க இருப்போடு நடுவில் வந்த பணத்தை அது இருந்த காலத்துக்கு ஏற்பச் சேர்த்து, வகுக்க வேண்டும். பங்குக் கணக்கில் 15,000 பாதி ஆண்டு இருந்தது; ஆகவே 20,000 கூட்டல் 7,500, அதாவது 27,500. 2,400-ஐ 27,500-ஆல் வகுத்தால் 8.73 விழுக்காடு. யூனிட் டிரஸ்டில் 40,000 கழித்தல் 7,500, அதாவது 32,500. 2,810-ஐ அதனால் வகுத்தால் 8.65 விழுக்காடு.

இப்போது வகுக்கும் எண்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 27,500-உம் 32,500-உம் சேர்ந்து 60,000. ஒரு பக்கம் கூட்டிய 7,500 மறுபக்கம் கழிந்துவிட்டது. உள் மாற்றத்தைச் சரியாக எழுதியிருந்தால் இப்படிச் சரியாகப் பொருந்தும். பொருந்தாவிட்டால் இரட்டை வரிகளைத் திரும்பப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால வழியில் யூனிட் டிரஸ்ட் 8.15, பங்கு 4.5; குடும்பத்தின் மொத்தமோ இரண்டையும்விட அதிகமாக 8.68. ஏதோ தவறு என்று தோன்றும். தவறில்லை. பங்குகள் இறங்கியிருந்த நேரத்தில் பணம் அங்கே போனது; ஏறும்போது கூடுதல் பணம் அங்கே இருந்தது. மாற்றிய முடிவு ஈட்டித் தந்த லாபம் அது. எந்த ஒரு கணக்கின் செயலியும் இதைக் காட்டாது, ஏனென்றால் மற்ற கணக்கு அதன் கண்ணில் படுவதே இல்லை. மாற்றம் தவறான நேரத்தில் நடந்திருந்தால் மொத்தம் இரண்டையும்விடக் குறைவாகவும் வந்திருக்கலாம். இந்த எண் தெரிந்தால்தான் அடுத்த முறை மாற்றலாமா என்று யோசிக்க முடியும். இத்தனை பாடுபட்டுக் கணக்கு எழுதுவதன் பெரிய பலனாக நான் கருதுவது இதைத்தான்.

ஐந்தாம் படி: விரிதாளிடம் வேலையைக் கொடுங்கள்

ஆண்டு முழுதும் பணம் பல முறை வந்துபோகும் கணக்குக்குக் கையால் போடுவது கடினம். விரிதாளில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (XIRR) என்ற வாய்பாடு இருக்கிறது. ஒரு பத்தியில் தேதிகள், இன்னொன்றில் தொகைகள். தொடக்க இருப்புக்கும் கணக்குக்குள் போன பணத்துக்கும் கழித்தல் குறி, வெளியே வந்த பணத்துக்குக் கூட்டல் குறி, கடைசி வரியில் இன்றைய மதிப்பு கூட்டல் குறியோடு. மேலே சொன்ன பங்குக் கணக்கை இப்படிப் போட்டால் ஏறக்குறைய 8.8 விழுக்காடு வரும். கையால் போட்டதற்கு மிக அருகில்.

மொத்தக் குடும்பத்துக்குப் போடும்போது உள் மாற்ற வரிகளைச் சேர்க்கவே கூடாது. தொடக்க இருப்பும் வெளி வரவும் வெளிப் பற்றும் இறுதி மதிப்பும் மட்டும். தனிக் கணக்குக்குப் போடும்போது அவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். விரிதாள் அமெரிக்க வழக்கத்தில் அமைந்திருந்தால் 05/07/2024 என்பதை மே 7 என்று படித்துக்கொள்ளும்; தேதி அமைப்பை முதலில் பாருங்கள். அடுத்து, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். எப்போதும் ஓராண்டு விகிதமாகவே சொல்லும். மூன்று மாதத்தில் 4 விழுக்காடு ஏறியதை அது ஏறக்குறைய 17 விழுக்காடு என்று காட்டும். ஓராண்டு ஆகாத கணக்குக்கு அந்த எண்ணை நம்பித் துள்ள வேண்டாம்.

ஆறாம் படி: நம் நாட்டுக் கணக்குகளின் தனி குணங்கள்

ஊழியர் சேமநிதியில் இருப்பு ஏறுவதெல்லாம் லாபம் ஆகாது. இருப்பு 100,000-லிருந்து 116,000 ஆகி, அதில் 10,000 உங்கள் சந்தாவும் முதலாளியின் சந்தாவும் என்றால், லாப ஈவு 6,000 மட்டுமே. சந்தா வெளி வரவு. 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் புதிய சந்தா 75, 15, 10 விழுக்காடாக பெர்சாரான் (ஓய்வு), செஜாத்தெரா (நல்வாழ்வு), ஃபிளெக்சிபெல் (நெகிழ்வு) என்ற மூன்று கணக்குகளில் பிரிகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை கொடுத்த வாய்ப்பில், பழைய இரண்டாம் கணக்கில் (இப்போதைய செஜாத்தெரா) 3,000 ரிங்கிட்டுக்கு மேல் வைத்திருந்து ஒப்புக்கொண்டவர்களுக்கு, அதில் பாதி மற்ற இரண்டு கணக்குகளுக்குப் பிரிந்து போனது. பழைய அறிக்கைகளைப் பார்க்கும்போது அதை எடுப்பு என்று எழுதிவிடாதீர்கள். முழுக்க உள் மாற்றம்.

உறுப்பினர் முதலீட்டுத் திட்டத்தின் கீழ் சேமநிதியிலிருந்து யூனிட் டிரஸ்டுக்கு மாற்றியவர்கள் இன்னொரு ஒப்பீட்டையும் எழுத வேண்டும். அந்தப் பணம் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்கு 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு லாப ஈவு. 2023 தொடக்கத்தில் எடுத்த 10,000 ரிங்கிட் அங்கேயே இருந்திருந்தால் 2024 முடிவில் 11,214.65 ஆகியிருக்கும். உங்கள் நிதி, கட்டணம் போக, அந்த எண்ணைத் தாண்டியதா? அந்த நிதியை விற்றால் பணம் சேமநிதிக்கே திரும்பும். அதுவும் உள் மாற்றம்தான்.

அமானா சஹாம் மலேசியா போன்ற நிலையான விலை நிதிகளில் ஒரு யூனிட் எப்போதும் ஒரு ரிங்கிட். ஆகவே நிதியாண்டு நடுவில் பார்த்தால் லாபம் சுழியாகவே தெரியும். அதனால் கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது வருமானப் பகிர்வு கணக்கிடும் முறை. ஒவ்வொரு மாதத்திலும் இருந்த மிகக் குறைந்த இருப்பே கணக்கில் வரும். மார்ச் 25-ஆம் தேதி 20,000 எடுத்து ஏப்ரல் 3-ஆம் தேதி திரும்பப் போட்டால், பணம் வெளியே இருந்தது ஒன்பது நாள். இழப்பதோ மார்ச், ஏப்ரல் என இரண்டு மாத வருமானம். ஆண்டுக்கு 4.8 விழுக்காடு பகிர்வு என்று வைத்தால் மாதத்துக்கு 80, ஆக 160 ரிங்கிட். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாதம் பிறந்ததும் எடுங்கள், மாதம் முடியுமுன் போடுங்கள்.

பங்குகளை விற்காமல் அப்படியே ஒரு சிடிஎஸ் கணக்கிலிருந்து (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) இன்னொன்றுக்கு மாற்றினால், புதிய கணக்கு நீங்கள் வாங்கிய விலையை அறியாது. சுழி என்றோ மாற்றிய நாளின் விலை என்றோ காட்டக்கூடும். இதற்கு இரண்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: வாங்கிய அசல் விலையும் தேதியும் மொத்த லாபத்துக்கு, மாற்றிய நாளின் சந்தை மதிப்பு அந்தக் கணக்கின் லாபத்துக்கு. நடுவில் போனஸ் பங்கோ (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) பங்குப் பிரிப்போ (ஒரு பங்கைப் பலவாக்குவது) நடந்திருந்தால் ஒரு பங்கின் அசல் விலையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

லாப ஈவிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உங்கள் பெயரில் நேரடி சிடிஎஸ் கணக்கு இருந்தால் லாப ஈவு நேரே வங்கிக் கணக்குக்குப் போகும். தரகரின் திரையில் அது தெரியாது. நாமினி கணக்குக்கு (உங்களுக்காகத் தரகர் தரப்பின் பெயரில் பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) மாறினால் அதே லாப ஈவு தரகரிடம் உள்ள உங்கள் கணக்கில் வரும். அதே பங்கு, அதே ஈவு; ஆனால் மாறிய பிறகு லாபம் கூடியதுபோலத் தோன்றும். வங்கிக்குப் போன ஈவை முதலில் பங்குக் கணக்கின் வருமானம் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு அது போய்ச் சேர்ந்த கணக்கு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்து, உள் மாற்றமாகவோ வெளிப் பற்றாகவோ அடுத்த வரியை எழுதுங்கள்.

நிரந்தர வைப்பைத் தவணைக்கு முன் உடைத்து மாற்றினால் அந்தத் தவணையின் வட்டி போய்விடும். இழந்த வட்டியைக் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை மாற்றமாகவே செய்யுங்கள். ஓய்வு வயதுக்கு முன் வெளியே எடுத்தால் பொதுவாக 8 விழுக்காடு வரி பிடிப்பார்கள். அத்திட்டத்துக்குக் கிடைக்கும் 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உங்களுக்கு நன்மைதான், ஆனால் நிதியின் லாபத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: டாலருக்கு மாற்றியவர்களுக்கு

2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.79 ரிங்கிட், அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் ஏறக்குறைய 4.12. பிப்ரவரியில் 4,790 ரிங்கிட் கொடுத்து 1,000 டாலருக்கு அமெரிக்கப் பங்கு வாங்கி, அது 10 விழுக்காடு ஏறியிருந்தால் செயலி 1,100 டாலர் என்று பச்சை நிறத்தில் காட்டியிருக்கும். ரிங்கிட்டில் அது 4,532; அதாவது 5.4 விழுக்காடு நட்டம். பினாங்கில் வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் ரிங்கிட்டில் கட்டுபவர்கள் கடைசி எண்ணை ரிங்கிட்டிலேயே எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அன்று உங்களுக்குக் கிடைத்த விகிதத்தை எழுதுங்கள். அன்றைய சந்தை விகிதத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கட்டணம். அமெரிக்க நிறுவனங்கள் தரும் லாப ஈவில் மலேசியர்களுக்கு 30 விழுக்காடு வரி முன்பே பிடிக்கப்படும். பிடித்தது போகக் கைக்கு வந்ததையே வருமானமாக எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை சரிபார்ப்பு

மாதக் கடைசியில் மூன்று பார்வைகள். உள் மாற்றங்களின் கூட்டுத்தொகை சுழியா? ‘வழியில்’ கணக்கில் பணம் தங்கிவிட்டதா? இறுதி மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பையும் வெளி வரவையும் கழித்து, வெளிப் பற்றைக் கூட்டினால் வரும் தொகை, கணக்குவாரியாக ஈட்டியதன் கூட்டுத்தொகைக்குச் சமமா? மூன்றும் சரியென்றால் எண்ணை நம்பலாம்.

பழைய அறிக்கைகள் கிடைக்காதவர்கள் பத்து ஆண்டுக் கணக்கைக் கட்டியெழுப்ப முயன்று நடுவில் கைவிட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. எல்லாக் கணக்குகளின் மதிப்பும் உறுதியாகத் தெரிந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சென்ற டிசம்பர் 31 பெரும்பாலும் பொருந்தும். அன்றைய மதிப்பைத் தொடக்க இருப்பாக எழுதி, அங்கிருந்து நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் இரட்டை வரியாகப் பதியுங்கள். அதற்கு முந்தைய லாபத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். விரிதாளின் தலைப்பில் எந்தத் தேதியிலிருந்து இந்தக் கணக்கு என்று மட்டும் பெரிதாக எழுதி வையுங்கள்.